ஸ்பீட்வே பந்தயத்தை முதன்முறையாகப் பார்க்கப் போகிறவர்களுக்கு: தடத்தைப் படிக்கும் முறை

ஸ்பீட்வே மோட்டார் சைக்கிள் பந்தயத்தில் ஓர் ஓட்டம் ஏறத்தாழ ஒரு நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. நான்கு வீரர்கள், நான்கு சுற்றுகள், நீள்வட்ட மண் தடம், பிரேக் இல்லாத வண்டி என்று ஒரே வரியில் இந்த விளையாட்டை விவரித்துவிடலாம் என்பதால், புதிதாக வருகிறவர்களில் பலர் இதில் கற்றுக்கொள்ள எதுவும் இல்லை என்று எண்ணிக்கொள்கிறார்கள். ஐந்தாறு ஓட்டங்கள் முடிந்ததும் எல்லாம் ஒன்றுபோலவே இருக்கிறது என்று சொல்லிவிட்டு எழுந்துவிடுகிறார்கள். அவர்கள் வீரர்களை மட்டும் பார்த்தார்கள், தடத்தைப் பார்க்கவில்லை என்பதே அதற்குக் காரணம் என்று நான் உறுதியாக நம்புகிறேன். முதல் ஓட்டம் நடந்த தடமும் பதினைந்தாவது ஓட்டம் நடக்கும் தடமும் ஒரே தடம் அல்ல. இடைப்பட்ட இரண்டு மணி நேரத்தில் அந்த மண் எப்படி இடம் மாறியது என்பதைக் கவனிக்கத் தொடங்கினால், யார் ஏன் முந்தினார், யார் ஏன் பின்தங்கினார் என்பவை தாமாகவே விளங்கத் தொடங்கும். அந்தப் பார்வையைப் பழகிக்கொள்வதற்கான வழிகாட்டி இது.

1. வண்டியையும் விதியையும் முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

ஸ்பீட்வே வண்டியில் 500 சிசி கொள்ளளவுள்ள ஒற்றை சிலிண்டர், நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின் இருக்கிறது. எரிபொருள் மெத்தனால். வண்டியின் எடை 77 கிலோவுக்குக் குறையக் கூடாது என்பது விதி. கியர் மாற்றும் ஏற்பாடு கிடையாது. பின்சக்கரத்தின் பல்சக்கரத்தை மாற்றித்தான் அன்றைய தடத்துக்கு ஏற்ற வேக விகிதத்தை மெக்கானிக் அமைத்துக்கொடுக்கிறார். கிளட்ச் பெரும்பாலும் புறப்படும்போது மட்டுமே பயன்படுகிறது. பிரேக் இல்லாதது கேட்பவர்களைத் திடுக்கிட வைக்கும் செய்தி என்றாலும், அது பாதுகாப்புக்கே உதவுகிறது என்பதைக் கொஞ்சம் யோசித்தால் ஒப்புக்கொள்வீர்கள். ஒரு முழத் தூரத்தில் பின்னால் வருகிறவர், முன்னால் செல்பவர் திடீரென்று நிற்கமாட்டார் என்ற நம்பிக்கையில்தான் அவ்வளவு நெருங்கி வரமுடிகிறது.

வளைவில் வண்டியைத் திருப்புவது ஆக்சிலரேட்டர்தான். வீரர் வளைவுக்குள் நுழையும்போது பின்சக்கரத்தை வேகமாகச் சுழலவிட்டு அதை வெளிப்பக்கம் சறுக்கச் செய்கிறார்; வண்டி இடப்பக்கம் திரும்பிக்கொண்டிருக்க முன்சக்கரம் வலப்பக்கம் நோக்கியிருக்கும். இரும்புத் தகடு பொருத்திய இடது காலணி தரையைத் தொட்டபடி வரும். அந்தச் சறுக்கல் நிலையில் ஆக்சிலரேட்டரைச் சட்டென்று மூடினாலோ, பின்சக்கரத்துக்கு எதிர்பாராத இடத்தில் மண்ணின் பிடி கிடைத்துவிட்டாலோ, வண்டி நிமிர்ந்து நேராக வேலியை நோக்கிப் பாயும். பிடிமானம் இல்லாமல் போவதைப் போலவே, எதிர்பாராமல் கிடைக்கும் பிடிமானமும் ஆபத்தானது என்ற இந்த ஒரு செய்தியை மனத்தில் வைத்துக்கொண்டால், இனி நான் சொல்லப்போவதில் பாதி உங்களுக்கு முன்பே புரிந்துவிடும்.

ஓட்டம் எப்போதும் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் நடக்கும். முதலில் வருபவருக்கு 3 புள்ளிகள், இரண்டாமவருக்கு 2, மூன்றாமவருக்கு 1, கடைசியில் வருபவருக்கு ஒன்றுமில்லை. சிவப்பு, நீலம், வெள்ளை, மஞ்சள் ஆகிய ஹெல்மெட் நிறங்களை வைத்து வீரர்களை அடையாளம் காணவேண்டும். அணிகளுக்கு இடையிலான லீக் ஆட்டங்களில் சிவப்பும் நீலமும் சொந்தத் தடத்து அணிக்கும், வெள்ளையும் மஞ்சளும் வெளியூர் அணிக்கும் உரியவை. தொடங்குவதற்கு இவ்வளவு தெரிந்தால் போதும்.

2. எந்தத் தடத்துக்குப் போவது என்பதைக் கவனமாகத் தேர்ந்தெடுங்கள்

ஆஸ்திரேலியாவில் நியூ சவுத் வேல்ஸின் வெஸ்ட் மெயிட்லேண்டில் 1923 டிசம்பர் 15 அன்று நடந்த பந்தயத்தையே இந்த விளையாட்டின் தொடக்கமாகப் பலரும் கொள்கிறார்கள். அதற்கு முன்பே வேறு இடங்களில் மண் தடப் பந்தயங்கள் நடந்திருக்கின்றன என்று வாதிடுவோரும் உண்டு. 1928 பிப்ரவரி 19 அன்று லண்டனை அடுத்த எப்பிங் காட்டின் ஹை பீச் என்ற இடத்தில் நடந்த பந்தயத்துக்கு, எதிர்பார்த்ததைவிடப் பன்மடங்கு கூட்டம் திரண்டதிலிருந்து பிரிட்டன் முழுவதும் இந்த விளையாட்டு பரவியது. இன்று இதன் வலுவான இல்லம் போலந்து. அதற்கு அடுத்தபடியாக ஸ்வீடன், டென்மார்க், பிரிட்டன் ஆகிய நாடுகளின் லீக்குகளைச் சொல்லலாம். பருவம் பொதுவாக மார்ச் இறுதியில் தொடங்கி அக்டோபரில் முடிகிறது.

புதியவர்கள் வழக்கமாக உலகப் போட்டியின் பெரிய அரங்குக்கே முதலில் போக விரும்புகிறார்கள். உலகப் பட்டத்துக்கான தொடர் போட்டிகளைக் கிராண்ட் பிரீ என்பார்கள்; கார்டிஃப் நகரின் கூரையிட்ட தேசிய அரங்கில் 2001 முதல் 2024 வரை நடந்துவந்த பிரிட்டிஷ் கிராண்ட் பிரீ அப்படிப்பட்ட ஒரு திருவிழாவாக இருந்தது. அந்த இரைச்சலும் கூட்டமும் அனுபவிக்கத் தக்கவை என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த அரங்கு ஸ்பீட்வேக்காகக் கட்டப்பட்டதல்ல. பந்தயத்துக்குச் சில நாள் முன்பு லாரி லாரியாக மண்ணைக் கொண்டுவந்து கொட்டி, 280 மீட்டருக்கும் குறைவான நீளமுள்ள ஒரு தற்காலிகத் தடத்தை அமைத்தார்கள். பல பருவங்களில் மழையையும் வெயிலையும் உண்டு இறுகிய தடத்துக்கு இருக்கும் உறுதி, சில நாளில் கொட்டி அழுத்திய மண்ணுக்கு எளிதில் வருவதில்லை. அது பாளம் பாளமாகப் பெயரும், குழி விழும். வார்சாவின் தேசிய அரங்கில் 2015 ஏப்ரலில் முதன்முறையாக நடந்த கிராண்ட் பிரீ இதற்குக் கசப்பான சான்று. தோமாஷ் கோலோப் என்ற மாபெரும் போலந்து வீரருக்கு விடைகொடுக்க அரங்கு நிறைந்திருந்த அந்த இரவில், ஓட்டத்தைத் தொடங்க நாடாக்களை மேலே தூக்கும் இயந்திரமும் தடமும் சேர்ந்து கைவிட்டதால், 12 ஓட்டங்களோடு போட்டி நிறுத்தப்பட்டது. தற்காலிகத் தடங்களிலும் அருமையான ஓட்டங்களை நான் கண்டிருக்கிறேன் என்றாலும், முதன்முறை பார்ப்பவரை அங்கே அனுப்புவதில் எனக்கு உடன்பாடில்லை.

பிரிட்டனில் இருப்பவர்களுக்கு என் முதல் பரிந்துரை மான்செஸ்டரின் தேசிய ஸ்பீட்வே அரங்கு. 1928 முதல் இருந்துவரும் பெல் வூ ஏசஸ் அணியின் இல்லம் அது. ஸ்பீட்வேக்கென்றே கட்டப்பட்டு 2016இல் திறக்கப்பட்டது. ஏறத்தாழ 350 மீட்டர் நீளமும் அகன்ற, சற்றே சாய்வான வளைவுகளும் கொண்ட அந்தத் தடத்தில் உள்கோட்டை ஒட்டியும் செல்லலாம், வேலியை ஒட்டியும் செல்லலாம் என்பதால், கடைசிச் சுற்றின் கடைசி வளைவுவரை முந்தும் வாய்ப்பு திறந்தே இருக்கிறது. அந்த அரங்கேகூட 2016 மார்ச்சில் திறப்பு நாளன்று ஒரு வளைவின் மண் சரியாக அமையாததால் பந்தயத்தைத் தள்ளிவைக்க நேர்ந்தது என்பதை இங்கே குறிப்பிடவேண்டும். நல்ல தடம் என்பது ஒரு நாளில் கட்டி முடிக்கும் பொருள் அல்ல. பராமரிக்கிறவர்கள் பல மாதங்கள் அதனோடு பழகி, எங்கே எவ்வளவு தண்ணீர், எங்கே எவ்வளவு அழுத்தம் என்று அறிந்துகொண்ட பிறகே அது நல்ல தடமாகிறது. ஷெஃபீல்டின் ஓலர்டன் அரங்கு வேகத்தை விரும்புகிறவர்களுக்கு ஏற்றது. பூல், இப்ஸ்விச், கிங்ஸ் லின், லெஸ்டர் ஆகிய ஊர்களுக்கும் தனித்தனிச் சுவை உண்டு. வாய்ப்பிருக்கும்போதே போய்ப் பாருங்கள் என்று வற்புறுத்துவேன். கவன்ட்ரி அணியின் பிராண்டன் அரங்கில் 2016க்குப் பிறகு பந்தயம் இல்லை. வுல்வர்ஹாம்ப்டனும் பீட்டர்பரோவும் 2023 பருவத்தோடு தங்கள் தடங்களை இழந்தன. நகரத்து நிலத்தின் விலை ஏறும்போதெல்லாம் முதலில் பறிபோகிறவை இத்தகைய பழைய அரங்குகள்தாம், இதை எண்ணி உண்மையாகவே வருந்துகிறேன்.

போலந்துக்குப் பயணம் செய்ய முடிந்தவர்கள் தோருன் நகரத்துக்குப் போகவேண்டும். 2009இல் திறக்கப்பட்ட மோட்டோஅரீனா இந்த விளையாட்டுக்காகவே எழுப்பப்பட்டது. அதன் முகவரியில் உள்ள தெருவுக்கு, 1990இல் உலக வாகையராகி, தோருன் அணிக்காக ஓட்டிக்கொண்டிருந்தபோது 1994இல் விபத்துக்குள்ளாகி நடக்கும் ஆற்றலை இழந்த ஸ்வீடன் வீரர் பேர் யோன்சனின் பெயரைச் சூட்டியிருக்கிறார்கள். வேற்று நாட்டிலிருந்து வந்து தங்கள் அணிக்காக ஓட்டியவரை ஓர் ஊர் இவ்வாறு நினைவில் வைத்திருப்பதே, அங்கே ஸ்பீட்வே எவ்வளவு ஆழமாக வேரூன்றியிருக்கிறது என்பதைக் காட்டுகிறது. லெஷ்னோ, கோஷூஃப், வ்ரோத்ஸ்வாஃப், லூப்ளின், ஜியலோனா கூரா ஆகிய ஊர்களிலும் ஆட்டநாளன்று தெருக்களே அணியின் நிறத்துக்கு மாறிவிடுகின்றன. டென்மார்க்கில் வோயன்ஸ் அரங்கு, மூன்று முறை உலக வாகையரான ஓலே ஓல்சன் உருவாக்கியது.

3. புறப்படும் முன் செய்யவேண்டியவை

காலையிலேயே வானிலையைப் பாருங்கள். நனைந்த தடத்தில் பந்தயம் நடத்த முடியாது. மழையால் ஆட்டம் ரத்தாவது இந்த விளையாட்டில் அன்றாடச் செய்தி. அணி வெளியிடும் அறிவிப்பைப் பார்த்துவிட்டுப் புறப்படுவதே நல்லது. வளைவுகளில் நிற்கும் பார்வையாளர்கள்மீது மண் வந்து விழும் என்பதால் பழைய உடைகளை அணியுங்கள். கண்களைக் காக்க ஒரு கண்ணாடியும், குழந்தைகளுக்குக் காது மூடியும் கட்டாயம் வேண்டும். கோடையிலும் இரவுக் குளிர் இறங்கிவிடும். கையில் ஒரு பேனா இருக்கட்டும். அதன் தேவையைப் பின்னர் சொல்கிறேன்.

4. முக்கால் மணி நேரம் முன்பே போய்த் தடத்தைப் பாருங்கள்

புதியவர்கள் தவறவிடும் மிக முக்கியமான பகுதி இதுதான். பந்தயம் தொடங்குவதற்கு முன் வீரர்கள் பலர் தடத்தின்மீது நடந்து, காலணியின் நுனியால் மண்ணைக் கிளறிப் பார்ப்பதைக் காண்பீர்கள். மேலே தளர்வாக இருக்கும் மண் எவ்வளவு, அடியில் இருக்கும் இறுகிய படுகை எவ்வளவு ஈரமாக இருக்கிறது, வளைவின் எந்தப் பகுதியில் மண் அதிகம் சேர்ந்திருக்கிறது என்பவற்றையே அவர்கள் பார்க்கிறார்கள். நீங்களும் வேலிக்கு அருகே நின்று நிறத்தைக் கவனியுங்கள். கருமையாகத் தெரியும் இடம் ஈரமானது, அங்கே பிடிமானம் உண்டு. வெளிறிப் பளபளப்பாகத் தெரியும் இடம் காய்ந்து வழுக்குவது. டிராக்டர் தண்ணீர் தெளிக்கும்போது எந்தப் பகுதியில் அதிக நேரம் செலவிடுகிறது என்பதையும் பாருங்கள். சொந்த அணியின் முன்னணி வீரருக்கு எந்தப் பாதை பிடிக்கும் என்பதை அது சில வேளைகளில் காட்டிக்கொடுத்துவிடும்.

தடத்தின் வடிவத்தையும் மனத்தில் குறித்துக்கொள்ளுங்கள். விதிப்படி நீளம் 260 மீட்டர் முதல் 425 மீட்டர் வரை இருக்கலாம் என்பதால் இரண்டு தடங்கள் ஒன்றுபோல இருப்பதேயில்லை. நேர்ப்பகுதி நீண்டு வளைவு குறுகியிருந்தால் புறப்பாட்டில் முந்தியவரைப் பிடிப்பது கடினம். வளைவு அகன்றிருந்தால் வேலியோரமாக வேகத்தைச் சேர்த்துக்கொண்டு வரும் வீரருக்கு வழி கிடைக்கும். முதல்தரப் போட்டிகளில் வளைவுகளைச் சுற்றிக் காற்றடைத்த வேலி அமைத்திருப்பார்கள். அது எத்தனையோ எலும்புகளையும் உயிர்களையும் காத்திருக்கிறது. ஆயினும் 2012இல் வ்ரோத்ஸ்வாஃபில் லீ ரிச்சர்ட்சன் உயிரிழந்ததையும், 2015இல் ஜியலோனா கூராவில் டார்சி வார்ட் முதுகெலும்பில் அடிபட்டுப் பந்தய வாழ்வை இழந்ததையும் இந்த விளையாட்டை நேசிக்கிற எவரும் மறப்பதில்லை. விபத்தைக் காண்பதற்காக வருகிறவர்களின் விளையாட்டு இது என்று எவராவது சொன்னால், யாராவது விழுந்ததும் அரங்கு முழுவதும் படரும் அமைதியையும், அவர் எழுந்து நின்றதும் இரு அணி ரசிகர்களும் சேர்ந்து தட்டும் கையொலியையும் அவர்கள் கேட்டதில்லை என்றே பொருள்.

நிற்கும் இடத்தைப் பொறுத்தவரை, முதல்முறை வருகிறவர்கள் தொடக்கக் கோட்டுக்கு நேர் எதிரே சற்று உயரமான படிகளில் நிற்பதே சரி. முழுத் தடமும் கண்ணில் படும். அடுத்த முறை வரும்போது இரண்டாம் வளைவு முடிந்து நேர்ப்பகுதி தொடங்கும் இடத்துக்குப் போங்கள். முந்துவதற்கான முயற்சிகளில் பெரும்பாலானவை அங்கேதான் பலிக்கின்றன, அல்லது பொய்க்கின்றன.

5. புறப்பாட்டையும் முதல் வளைவையும் பிரித்துப் பாருங்கள்

உள்கோட்டிலிருந்து வெளிவேலி வரை தொடக்கக் கோட்டை நான்கு கேட்களாகப் பிரித்திருக்கிறார்கள். உள்ளே இருப்பது முதலாம் கேட். இரண்டு நிமிட அவகாசத்துக்குள் நால்வரும் அவரவர் கேட்டுக்கு வந்து நிற்கவேண்டும். வந்ததும் அவர்கள் காலால் மண்ணைச் சீர்செய்து, பின்சக்கரம் நிற்கப்போகும் இடத்தை ஒழுங்குபடுத்துவதைக் காணலாம். முந்தைய ஓட்டங்களில் உண்டான பள்ளத்தைத் தவிர்க்கவோ, அங்கே கொஞ்சம் ஈர மண்ணைச் சேர்க்கவோ செய்யும் ஏற்பாடு அது. பிறகு பச்சை விளக்கு எரிகிறது, எஞ்சின்களின் ஒலி உயர்கிறது, நடுவர் பொத்தானை அழுத்தியதும் நாடாக்கள் மேலே எழும்புகின்றன. நாடாவைத் தொடுகிறவர் போட்டியின் விதியைப் பொறுத்து ஓட்டத்திலிருந்து விலக்கப்படுவார், அல்லது 15 மீட்டர் பின்னாலிருந்து புறப்படவேண்டியிருக்கும். நாடா எழுவதற்கு முன் அசைந்தால் எச்சரிக்கை உண்டு.

முதல் சில ஓட்டங்களில் எல்லாரையும் ஒரே நேரத்தில் பார்க்க முயலாதீர்கள். ஒரே ஒரு வீரரின் பின்சக்கரத்தை மட்டும் பாருங்கள். புறப்படும் கணத்தில் அது மிகையாகச் சுழன்று மண்ணை வாரி இறைத்தால் அவர் பின்தங்குவார். சுழற்சியும் பிடியும் அளவாகச் சேர்ந்தால், முன்சக்கரம் சற்றே தூக்கியபடி அவர் ஒரு வண்டி நீளம் முன்னால் போய்விடுவார். அதன்பின் முதல் வளைவுக்குள் நால்வரும் எந்த வரிசையில் நுழைகிறார்கள் என்பதைவிட எந்தக் கோட்டில் நுழைகிறார்கள் என்பதைக் கவனியுங்கள். முதலாம் கேட்டிலிருந்து வந்தவருக்குத் தூரம் குறைவு, ஆனால் திருப்பம் குறுகலானது. நான்காம் கேட்டிலிருந்து வந்தவர் அதிகத் தூரம் செல்லவேண்டும் என்றாலும், மற்ற மூவரையும் உள்ளே அடைத்துவிட்டு வெளிப்பக்கமாகச் சுற்றி வரும் வேகம் அவருக்குக் கிடைக்கக்கூடும். இரண்டாம் கேட்டில் நிற்பவரே பலமுறை இருபுறமும் நெருக்கப்பட்டுத் தவிப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

6. மண் இடம்பெயர்வதைப் பின்தொடருங்கள்

இந்த வழிகாட்டியின் உயிர்நிலை இந்தப் படிதான். ஒவ்வோர் ஓட்டத்திலும் நான்கு பின்சக்கரங்கள் தளர்ந்த மண்ணை வெளிப்பக்கமாக வாரி எறிகின்றன. மூன்று, நான்கு ஓட்டங்களுக்குப் பிறகு உட்கோட்டை ஒட்டிய பகுதி மண் கழன்று வழவழப்பாகிவிட, வேலியோரத்தில் தளர்ந்த மண் கரையாகச் சேர்ந்து நிற்கும். மாலையின் தொடக்கத்தில் முதலாம் கேட்டிலிருந்து எளிதாக வென்றவர், அதே கேட்டிலிருந்து எட்டாம் ஓட்டத்தில் தோற்பதற்குக் காரணம் அவருடைய திறமை குறைந்ததல்ல. அவருடைய சக்கரத்துக்குக் கீழே இருந்த பிடிமானம் பத்தடி வெளியே போய்விட்டது. துணிவுள்ள வீரர் அந்த மண் கரையைத் தேடிப் போவார். அதன் விளிம்பில் பின்சக்கரத்தை வைத்துத் தள்ளிக்கொண்டு வளைவிலிருந்து வெளியேறும்போது, உள்ளே வழுக்கிக்கொண்டிருக்கும் வீரரைவிட அவருடைய வேகம் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு அதிகமாக இருக்கும். ஒரு கையளவு அதிகமாக வெளியே போனால் ஆழ்ந்த மண்ணில் சக்கரம் சிக்கி வேகம் இறந்துவிடும், அல்லது வண்டி நிமிர்ந்து வேலியில் மோதும்.

சில ஓட்டங்களுக்கு ஒருமுறை டிராக்டர் வந்து அந்த மண்ணை மீண்டும் உள்ளே இழுத்துப் பரப்பித் தண்ணீர் தெளிக்கிறது. பெரும்பாலான பார்வையாளர்கள் தேநீர் வாங்கப் போகும் நேரம் அது. நீங்கள் போகாதீர்கள். மண்ணை எதுவரை இழுத்தார்கள், எந்த வளைவில் தண்ணீர் அதிகம் விழுந்தது என்று பார்த்துவிட்டு, அடுத்த ஓட்டத்தில் எந்தக் கேட் சாதகமானது என்று உங்களுக்குள் ஒரு கணிப்பைச் செய்துகொள்ளுங்கள். கணிப்பு சரியா என்பதை அடுத்த நிமிடமே தடம் சொல்லிவிடும். இந்த விளையாட்டைக் கற்பதற்கு இதைவிடச் சிறந்த பயிற்சியை நான் அறியேன்.

அதே இடைவேளையில், வண்டிகளை ஆயத்தம் செய்யும் பிட் பகுதியையும் எட்டிப் பாருங்கள். பின்சக்கர டயரின் தேய்ந்த விளிம்பு மறுபக்கம் வரும்படி திருப்பிப் பொருத்துவது, பல்சக்கரத்தை மாற்றுவது, கார்புரேட்டரைச் சரிசெய்வது என்று மெக்கானிக்குகள் செய்யும் ஒவ்வொரு வேலையும் தடத்தின் மாற்றத்துக்கு அளிக்கும் பதில்தான்.

7. பேனாவை எடுங்கள்

நுழைவாயிலில் விற்கப்படும் புரோகிராம் புத்தகத்தை வாங்குங்கள். எந்த ஓட்டத்தில் எந்தக் கேட்டில் யார் என்று அச்சிட்டு, முடிவை எழுதிக்கொள்ளக் கட்டங்களும் விட்டிருப்பார்கள். லீக் ஆட்டத்தில் அணிக்கு ஏழு பேர் வழக்கம், 15 ஓட்டங்கள், ஒவ்வோர் ஓட்டத்திலும் அணிக்கு இருவர். ஓட்டத்துக்கு 6 புள்ளிகள் என்பதால் மொத்தம் 90; 46 எடுத்த அணி வென்றதாகப் பொருள். ஒரே ஓட்டத்தில் ஓர் அணி முதலிரண்டு இடங்களையும் பிடித்தால் 5-1, அதுவே ஆட்டத்தின் போக்கை மாற்றும் அடி. தன் அணித் தோழருக்கு உடனடியாகப் பின்னால் வந்து, எதிரணி வீரரைத் தனக்குப் பின்னால் வைத்திருப்பவருக்குக் கூடுதலாக ஒரு போனஸ் புள்ளி குறிக்கப்படும். அது அணியின் கணக்கில் சேராது, வீரரின் கணக்கில் சேரும். முன்னால் செல்லும் வீரர் வேண்டுமென்றே சற்று வேகத்தைக் குறைத்து, வெளிப்பாதையை அடைத்து, தன் தோழருக்கு உள்பாதையில் வழிவிடும் அழகை லீக் ஆட்டத்தில் மட்டுமே காணமுடியும். தனிநபர் வெற்றியைவிட இந்த அணியோட்டமே என்னை அதிகம் நெகிழவைக்கிறது. ஆட்டத்தின் கடைசி ஓட்டத்துக்கு ஒவ்வோர் அணியும் அன்று சிறப்பாக ஓட்டிய இருவரை நிறுத்தும். அதற்கு முன்பே யாரை நிறுத்துவார்கள் என்பதை உங்கள் கட்டங்கள் சொல்லிவிடும். கேட் எண்ணையும் சேர்த்துக் குறித்துவந்தால், எந்தக் கேட்டிலிருந்து எத்தனை வெற்றிகள் வந்தன என்பதை வைத்துத் தடத்தின் கதையையும் அதே தாளில் படிக்கலாம்.

8. சிவப்பு விளக்கு எரிந்தால்

யாராவது விழுந்து ஆபத்து நேரும் நிலை வந்தால் நடுவர் சிவப்பு விளக்குகளை எரியவிட்டு ஓட்டத்தை நிறுத்துவார். நிறுத்தத்துக்குக் காரணமானவர் என்று அவர் கருதுகிறவரின் ஹெல்மெட் நிறத்து விளக்கு எரியும். அவர் நீங்கலாக மற்றவர்கள் மீண்டும் ஓடுவார்கள். முதல் வளைவின் நெரிசலில் எவர்மீதும் குறைசொல்ல முடியாது என்று நடுவர் கருதினால் நால்வரையும் திரும்ப அழைப்பதுண்டு. இரண்டு சக்கரங்களும் உள்கோட்டைத் தாண்டி உள்ளே போனவரும் விலக்கப்படுவார். விழுந்தவரின் வலது மணிக்கட்டோடு கட்டிய கயிறு இழுபட்டுக் கழன்றதும் அவருடைய எஞ்சின் நின்றுவிடும் என்பதையும் அறிந்துகொள்ளுங்கள். நடுவரின் முடிவு உங்களுக்குப் பிடிக்காமல் போகலாம். பக்கத்தில் நிற்கும் முதிய ரசிகரிடம் காரணம் கேளுங்கள். அநேகமாக அரை மணி நேரம் விளக்குவார், அவ்வளவும் கேட்கத் தகுந்ததாக இருக்கும்.

9. வீரர்களை அவர்கள் தடத்தைக் கையாளும் முறையால் அறியுங்கள்

பழைய காணொளிகளைப் பார்ப்பதற்கு ஒரு வரிசை சொல்கிறேன். நியூசிலாந்தின் ஐவன் மோகர் ஆறு முறை உலக வாகையர். 1968, 1969, 1970 என்று தொடர்ந்து மூன்று ஆண்டுகள் வென்றவர். அவருடைய வலிமை புறப்பாட்டில் இருந்தது, முன்கூட்டியே செய்துகொள்ளும் ஆயத்தத்தில் இருந்தது. அந்தக் காலத்தில் உலகப் பட்டம் ஒரே இரவில் தீர்மானிக்கப்பட்டது என்பதால் ஒரே ஒரு மோசமான புறப்பாடு ஓராண்டு உழைப்பையும் அழித்துவிடும். 1973இல் ஹோஷூஃப் அரங்கில், பெருங்கூட்டத்தின் நடுவே, இறுதித் தீர்ப்பு ஓட்டத்தில் மோகர் கீழே விழ, யெஜி ஷ்சாகியல் போலந்தின் முதல் உலக வாகையரானது அப்படித்தான். 1995 முதல் பல போட்டிகளின் புள்ளிகளைக் கூட்டும் கிராண்ட் பிரீ முறை வந்தது. அது நியாயமானது என்பதே என் கருத்து, ஒற்றை இரவின் பதற்றத்துக்காக ஏங்குகிறவர்களின் மனமும் எனக்குப் புரிகிறது.

ஸ்வீடனின் டோனி ரிக்கார்ட்சன் மோகரின் ஆறு பட்டங்களை 2005இல் சமன்செய்தார். தோமாஷ் கோலோப் 2010இல்தான் உலகப் பட்டம் வென்றார் என்றாலும், வேலியோரத்துப் பாதையை அவரைப்போல நம்பியவர் அரிது. 1999இல் வ்ரோத்ஸ்வாஃபில் நடந்த இறுதி ஓட்டத்தின் கடைசிப் பகுதியில் ஜிம்மி நில்சனை அவர் வெளிப்பக்கமாக முந்திய காட்சியைப் பாருங்கள். ஆறாம் படியில் நான் சொன்ன மண் கரை எதற்குப் பயன்படும் என்பதை அது முழுமையாகக் காட்டிவிடும்.

இன்றைய வீரர்களில் பார்த்தோஷ் ஸ்மாஷ்லிக்கிடமிருந்து தொடங்குங்கள். கோஷூஃப் அணியில் வளர்ந்து, 2023 முதல் லூப்ளினுக்காக ஓட்டும் அவர் 2019, 2020, 2022, 2023, 2024, 2025 ஆகிய ஆண்டுகளில் உலக வாகையரானார். 2025இல் ஆஸ்திரேலியாவின் பிரேடி குர்ட்ஸ் கடைசிப் போட்டிகளைத் தொடர்ந்து வென்று துரத்திவந்தும், ஒரே ஒரு புள்ளி வேறுபாட்டில் பட்டம் ஸ்மாஷ்லிக்கிடமே தங்கியது. அவருடைய தனிச்சிறப்பு என்று நான் கருதுவது, ஓட்டத்தின் நடுவிலேயே பாதையை மாற்றிக்கொள்ளும் ஆற்றல். முதல் சுற்றில் உள்ளே முயன்று பார்ப்பார், இரண்டாம் சுற்றில் வெளியே போவார், மூன்றாம் சுற்றில் முன்னால் செல்பவர் எந்தப் பக்கத்தைக் காப்பது என்று தெரியாமல் தயங்கும்போது மறுபக்கம் நுழைந்துவிடுவார். 2022இல் கார்டிஃபிலும் வ்ரோத்ஸ்வாஃபிலும் வென்ற பிரிட்டனின் டான் ப்யூலி அகன்ற பாதையின் அன்பர். மான்செஸ்டர் தடத்தில் அவரைப் பார்ப்பது தனி இன்பம். புறப்பாட்டில் பின்தங்கினாலும் அவர் ஓட்டத்தைக் கைவிடுவதில்லை.

10. அடுத்து என்ன

முதல் ஆட்டம் முடிந்ததும் வேறு வேறு அரங்குகளுக்கு ஓடாமல், அதே தடத்துக்கு மேலும் சில முறை செல்லுங்கள். வெயில் காய்ந்த நாளிலும், முந்தின இரவு மழை பெய்த நாளிலும் அதே வளைவுகள் எவ்வளவு வேறுபட்டு நடந்துகொள்கின்றன என்பதைப் பார்த்த பிறகே மற்றத் தடங்களோடு ஒப்பிடும் அளவுகோல் உங்களுக்குக் கிடைக்கும். அதன்பின் தொலைக்காட்சியில் போலந்து லீக் ஆட்டங்களையும் கிராண்ட் பிரீ போட்டிகளையும் பாருங்கள். புறப்பாட்டுக்கு முன் ஒளிப்படக் கருவி வீரரின் முகத்தைக் காட்டும்போது, பின்னணியில் தெரியும் மண்ணின் நிறத்தைத் தேட உங்கள் கண் பழகியிருக்கும். ஸ்பீட்வேயில் ஓரளவு தேறிய பிறகு, ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் வரை நீளும் நெடுந்தடப் பந்தயத்தையும், டயரில் ஆணிகள் பொருத்தி உறைபனியில் ஓட்டும் பனித்தடப் பந்தயத்தையும் ஒருமுறை பார்க்கலாம். அங்கே வண்டிகளும் வேறு, தரையும் வேறு.